பேசும் பனியன்

ஒரு மனிதர் எத்தகைய கருத்துடையவர் என்று அறிய வேண்டுமானால், முற்காலத்தில் அவர் வாயைத் திறக்கும் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சிரமம் இல்லை. அவர் தெருக்கோடியில் வரும்போதே அவருடைய மார்பு பேச ஆரம்பித்துவிடுகிறது. எந்த நடிகரிடம் அவருக்குப் பக்தி, எந்தக் கிரிக்கெட் கோஷ்டிக்கு அவர் ஆதரவு, எந்த மலையில் ஏறி இறங்கினார் என்பதையெல்லாம் அவர் அணிந்திருக்கும் டீ-ஷர்ட், அதாவது நம் ஊர்ப் பேச்சில் சொல்வதானால் பனியன், பறைசாற்றிவிடுகிறது.

இதில் நமக்கு ஒரே ஒரு குறை. பனியன் பேசும் பேச்சில் பெரும்பகுதி இங்கிலீஷாயிருக்கிறது. வீட்டிலுள்ள பாட்டியம்மாளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அணிந்திருக்கும் பேரனுக்கோ, படிக்கத் தெரிந்தாலும், சில சமயங்களில் அதன் பொருள் தெரியாது. பேசுவது என்று ஏற்பட்டுவிட்ட பிறகு, அந்தப் பேச்சு நம்முடைய பாஷையில், நாம் சொல்ல விரும்பும் விஷயத்தைச் சொன்னால் என்ன?

இதற்காக ஒரு தொழிற்சாலையைத் தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டில் மை பீச்சும் பிரின்டர் ஒன்றும், ஓர் இஸ்திரிப் பெட்டியும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். ஆனால், இதையே பிழைப்பாகக் கொள்ளலாம் என்று நம்பி, கையிலுள்ள சேமிப்பையோ கழுத்திலுள்ள நகையையோ இயந்திரமாக மாற்றும் குடும்பங்களும் இருக்கின்றன. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மார்களும் நம்மிடம் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஆகையால், இதன் சௌகரியத்தை மட்டும் சொல்லி, சங்கடத்தை மறைப்பது தர்மமாகாது. இரண்டையும் உள்ளது உள்ளபடி சொல்ல உத்தேசித்திருக்கிறோம்.

பழைய பெருமை

துணியில் சித்திரம் பதிப்பது நமக்குப் புதிய வித்தையன்று. சோழ மண்டலக் கரையிலிருந்து கப்பலேறிச் சென்ற சாயத் துணிகள் ஐரோப்பிய மாதர்களின் மனத்தை எவ்வளவு தூரம் கவர்ந்தன என்பதற்கு இங்கிலாந்தின் சட்டப் புத்தகமே சாட்சி. இந்தியா முதலிய நாடுகளிலிருந்து அச்சிட்ட பருத்தித் துணி வந்து தங்கள் நெசவாளர் பிழைப்பைக் கெடுக்கிறது என்று, அந்நாட்டுப் பார்லிமெண்ட் 1700-ஆம் ஆண்டில் அதன் இறக்குமதியைத் தடுத்தது. அதுவும் போதாதென்று 1721-இல், அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே பெரும்பாலும் தடை செய்து இன்னொரு சட்டம் இயற்றியது. இச்சட்டம் நீங்குவதற்கு 1774-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. அதற்குள் அவர்கள் தாங்களே அச்சிடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்!

நம்முடைய துணியின் இரகசியம் என்ன? நிறம் வெளுக்காமல் இருந்ததே முக்கிய இரகசியம். நம் சாயக்காரர்கள் துணியைக் கடுக்காய் நீரில் தோய்த்து, படிகாரத்தைக் கொண்டு சாயத்தை நூலோடு பிணைத்தார்கள். சாயம் துணியின் மேலே உட்காரவில்லை, நூலுக்குள்ளேயே குடியேறிவிட்டது. இதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், நாம் இப்போது சொல்லப்போகும் முறையில் மை நூலுக்குள் குடியேறுவதில்லை. ஒரு மெல்லிய படலத்தோடு துணியின்மேல் வாடகைக்கு வந்து உட்காருகிறது. குடியேறியவனுக்கும் வாடகைக்காரனுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தத் தொழிலின் நன்மை தீமை யாவற்றுக்கும் மூலகாரணம்.

மை பீச்சும் பொறி

வீடுகளிலும் சிறு காரியாலயங்களிலும் காணும் இங்க்ஜெட் பிரின்டர், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய துளைகளின் வழியாக மையைத் துளித்துளியாகக் காகிதத்தின்மேல் எறிகிறது. இதற்கு இரண்டு யுக்திகள் உண்டு. ஒன்று, மையைக் கணப்போதில் சுடவைத்து, அதில் தோன்றும் ஆவிக் குமிழியால் துளியை வெளியே தள்ளுவது. 1977-இல் ஜப்பானில் கேனன் கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலையில், பற்றவைக்கும் சூட்டுக்கோல் ஒன்று மை நிரம்பிய ஊசிக்குழலில் தற்செயலாகப் பட்டு, மை பீச்சியடித்ததைப் பார்த்துத்தான் இந்த யோசனை உதித்ததாகச் சொல்வார்கள். மற்றொன்று, மின்சாரம் பட்டவுடன் வளையும் படிகத்தைக் கொண்டு மையை அழுத்தித் தள்ளுவது. மின்சாரத்துக்கும் படிகத்துக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்துக்கு அடிப்படையான குணத்தை 1880-இலேயே பிரான்ஸ் தேசத்தில் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள்.

பொறி எதுவானாலும் பாதகமில்லை, மைதான் முக்கியம். மையில் இரண்டு ஜாதி இருக்கிறது. ‘டை’ என்பது சர்க்கரை நீரில் கரைவதுபோல் நீரில் கரைந்த சாயம். ‘பிக்மென்ட்’ என்பது கரையாமல் மிதக்கும் நுண்ணிய வண்ணப்பொடி. முதலாவது பளபளப்பாக இருக்கும். ஆனால் தண்ணீரைக் கண்டால் கசிந்து ஓடப் பார்க்கும். இரண்டாவது சற்று அடக்கமான நிறம்; ஆனால் தண்ணீருக்கும் வெயிலுக்கும் எளிதில் பணியாது. பனியனுக்கு ஏற்றது பிக்மென்ட் மையே. பிரின்டர் வாங்குமுன் கடைக்காரரிடம் இதை ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். சில பிரின்டர்களில் கறுப்பு மை மட்டும் பிக்மென்டாகவும் மற்றவை டையாகவும் இருக்கும்.

இன்னொரு விஷயம். இந்தப் பிரின்டர்களில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாக உள்ள இடம், துணியில் துணியின் நிறமாகவே தெரியும். மஞ்சள் பனியனில் நீல மயிலைப் பதித்தால் பச்சைக் கிளியின் சாயல் வந்துவிடும்! ஆகையால் முதற்பாடத்தை வெள்ளைப் பனியனில் படிப்பதே உத்தமம்.

காகிதத்தின் சாமர்த்தியம்

படத்தை நேரே துணியில் அச்சிடுவதில்லை. டிரான்ஸ்பர் பேப்பர் என்ற விசேஷக் காகிதத்தில் அச்சிட்டு, சூட்டினால் துணிக்கு மாற்றுகிறோம். இந்தக் காகிதத்தின் ஒரு பக்கத்தில் சூடு பட்டால் இளகும் படலம் பூசியிருக்கிறது. மை இந்தப் படலத்தில் ஊறுகிறது. அழுத்திச் சூடாக்கும்போது படலம் இளகி, பருத்தி இழைகளைப் பற்றிக்கொள்கிறது. பிறகு காகிதத்தை உரித்தால் மையும் படலமும் துணியில் நின்றுவிடும்.

காகிதத்தில் இரண்டு வகை உண்டு. வெளிர்நிறத் துணிக்கு உரியது ஒன்று. கருநிறத் துணிக்கு உரியது மற்றொன்று. கருநிறத்துக்கான காகிதத்தில் வெள்ளைப் படலமே அடித்தளமாக இருக்கும். ஆகையால் அது சற்றுத் தடிப்பாகவும் இருக்கும். இரண்டையும் உபயோகிக்கும் முறை நேர்மாறானது என்பதைப் பின்னால் சொல்லுவோம்.

லேசர் பிரின்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இங்க்ஜெட்டுக்கான இந்தக் காகிதத்தை லேசர் பிரின்டரில் செலுத்தவே கூடாது. லேசர் பிரின்டரின் உள்ளே உருளைகள் சுடும். படலம் அங்கேயே உருகி ஒட்டிக்கொள்ளும். பனியனுக்கு வரவேண்டிய படம் பிரின்டருக்குள் பதிந்துவிடும்.

செய்யும் முறை

முதலாவது, துணி. பருத்திப் பனியனோ, பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்ததோ ஏற்றது. புதுப் பனியனை ஒரு முறை நனைத்துத் துவைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும். பின்னலாடை முதல் தண்ணீரில் சுருங்கும் சுபாவமுடையது. படத்தைப் பதித்த பிறகு துணி சுருங்கினால், படலம் சுருங்காமல் மடிப்பு மடிப்பாக நிற்கும். துணியை மிருதுவாக்கும் திரவங்களை இந்த முறை சேர்க்கவேண்டாம். அவை படலம் பற்றுவதைக் கெடுக்கும்.

இரண்டாவது, படம். கைபேசியில் பலர் கைமாறி வந்த படம் சின்னத் திரையில் அழகாகத் தெரியும். 8 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினால் மங்கிவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது நல்ல அச்சுக்குக் கணக்கு. எனவே 8 அங்குலப் படத்துக்கு அகலவாட்டில் 2400 புள்ளிகள் இருக்கவேண்டும். குழந்தைகள் கையால் வரைந்த சித்திரத்தை ஸ்கேன் செய்துகொண்டால் இதற்கு மிகவும் நன்றாயிருக்கும்.

மூன்றாவது, இடம் வலம் மாற்றுதல். வெளிர்நிறத் துணிக்கான காகிதத்தைப் படம் கீழே பார்க்கும்படி கவிழ்த்துப் பதிக்கிறோம் அல்லவா? ஆகையால் கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தைத் திருப்பி அச்சிட வேண்டும். அச்சுக்கூடத்து ஈய எழுத்துக்கள் ஏன் இடம் வலம் மாறியிருந்தன என்பது இதைச் செய்யும்போது குழந்தைகளுக்கு நன்றாக விளங்கும். படம் மட்டுமானால் மறந்தாலும் சமாளிக்கலாம். எழுத்திருந்தால் மானம் போய்விடும். முதலில் சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்துப் பனியன்மேல் வைத்து, அளவும் இடமும் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நான்காவது, அச்சிடுதல். காகிதத்தின் பூச்சுள்ள பக்கத்தில் மை விழவேண்டும். பெரும்பாலும் பின்பக்கத்தில் கோடுகளோ கட்டங்களோ அச்சிட்டிருப்பார்கள். அது இல்லாத பக்கமே பூச்சுள்ள பக்கம். அச்சான பின் சில நிமிஷம் உலரவிட்டு, படத்தைச் சுற்றி ஒட்ட வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் மை இல்லாத படலமும் துணியில் ஒட்டி, கண்ணாடி ஜன்னல்போல் மினுமினுக்கும். மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக வெட்டவேண்டும். படலம் உரிய ஆரம்பிப்பது கூரான மூலையிலிருந்துதான்.

ஐந்தாவது, அழுத்துதல். மெத்தென்ற இஸ்திரி மேஜை உதவாது. அழுத்தம் அதில் அமுங்கிப் போய்விடும். உறுதியான மர மேஜையின்மேல் பருத்தித் துணியைச் சுருக்கமின்றி விரித்து, அதன்மேல் பனியனை வைக்கவேண்டும். முதலில் வெறும் பனியனை இஸ்திரி போட்டு ஈரத்தைப் போக்கவேண்டும். பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்து, பெட்டியைப் பருத்திக்குரிய சூட்டில் வைத்து, நீராவியை அடியோடு நிறுத்திவிட்டு, உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தவேண்டும். நடுவில் எத்தனை நேரமோ அத்தனை நேரம் ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் கொடுக்கவேண்டும். ஹீட் பிரஸ் என்ற இயந்திரம் இருந்தால், பெரும்பாலான காகிதங்களுக்கு ஏறக்குறைய 180 முதல் 190 டிகிரி செண்டிகிரேடு சூட்டில் 15 முதல் 30 விநாடி போதும். இஸ்திரிப் பெட்டிக்கு நிமிஷக் கணக்கு ஆகும். எனினும், காகிதக் கட்டின் உள்ளே வைத்திருக்கும் குறிப்பே கடைசி வாக்கு. ஒரு கம்பெனியின் காகிதத்துக்குச் சொன்னது மற்றொன்றுக்குப் பொருந்தாது.

ஆறாவது, உரித்தல். சில காகிதங்களைச் சூடாக இருக்கும்போதே உரிக்கவேண்டும். சிலவற்றை ஆறவிட்டு உரிக்கவேண்டும். இதையும் குறிப்பைப் பார்த்தே செய்யவேண்டும். அவசரக்காரரும் சோம்பேறியும் இந்தக் கட்டத்தில்தான் படத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கருநிறத் துணிக்கோ, படத்தைத் திருப்பவேண்டாம். நேராகவே அச்சிட்டு, பின்தாளை முதலிலேயே உரித்துவிட்டு, படம் மேலே பார்க்கும்படி வைத்து, அதன்மேல் ஒட்டாத காப்புத் தாளை மூடி அழுத்தவேண்டும். காப்புத் தாளை மறந்தால் படம் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும்.

ஹீட் பிரஸ் ஒன்றரை முதல் இரண்டு கிலோவாட் வரையில் மின்சாரம் இழுக்கக்கூடியது. விளக்கும் விசிறியும் போடுகிற சாதாரணப் பிளக்கில் அதைச் செருகக்கூடாது. பூமித் தொடர்புள்ள பெரிய பிளக் வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யவேண்டும். குழந்தைகள் படம் வரையலாம், வெட்டலாம். அழுத்தும் வேலை பெரியவர்களுடையது.

துவைக்கும் கல்லின் தீர்ப்பு

படம் பதிந்தவுடன் வீட்டில் எல்லோரும் கைதட்டுவார்கள். அது தீர்ப்பாகாது. தீர்ப்புச் சொல்வது துவைக்கும் கல்.

காகிதத்தோடு வரும் குறிப்பில், ஒரு நாள் கழித்துத் துவைக்கவேண்டும், உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைக்கவேண்டும், வெளுக்கும் மருந்து கூடாது, படத்தின்மேல் இஸ்திரி கூடாது என்றெல்லாம் எழுதியிருக்கும். எல்லாம் சரி. ஆனால் அந்தக் குறிப்பை எழுதினவர் துணி துவைக்கும் இயந்திரத்தை மனத்தில் வைத்து எழுதினாரே யொழிய, நம் வீட்டுக் கொல்லையை மனத்தில் வைத்து எழுதவில்லை. இங்கே பிரஷ் இருக்கிறது, கல் இருக்கிறது, உப்புத் தண்ணீர் இருக்கிறது, உச்சி வெயில் இருக்கிறது. அடித்துத் துவைத்தால் படலத்தில் வெடிப்புக் காணும். தேய்த்தால் ஓரம் கிளம்பும். வெயிலில் நிறம் மங்கும்.

எனவே, யாருக்காவது விற்பதற்கோ பரிசளிப்பதற்கோ முன், ஒரே படத்தை மூன்று பனியன்களில் பதித்து, ஒன்றைத் துவைக்காமல் பெட்டியில் வைத்து, ஒன்றைக் குறிப்பின்படி துவைத்து, மற்றொன்றை வீட்டில் வழக்கமாகத் துவைப்பதுபோலவே துவைத்து வரவேண்டும். பத்துத் துவைப்புக்குப் பின் மூன்றையும் அருகருகே விரித்துப் பார்த்தால், எந்த விளம்பரமும் சொல்லாத உண்மை தெரிந்துவிடும். தாங்காத பொருளைத் தாங்கும் என்று சொல்லி விற்பவன் வாடிக்கைக்காரரை ஒரு தடவைதான் பார்ப்பான்.

தொழிலாகுமா?

இதுதான் பல குடும்பங்கள் கேட்கும் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பனியனுக்கு ஆகும் மொத்தச் செலவின்மேல் கால் பங்கு இலாபம் வைத்து விலை சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பனியன் பதிக்கிறீர்கள். மூலை ஒட்டாமல் ஒன்றும், படம் கோணலாகி ஒன்றும், ஆக இரண்டு கெட்டுப்போயின. மீதி எட்டை விற்றால் வரும் பணம், பத்துக்கும் செய்த செலவுக்குச் சரியாகப் போய்விடும். இலாபம் பூஜ்யம், கைவேலைக்குக் கூலியும் பூஜ்யம். புதிதாகத் தொடங்குபவருக்குப் பத்தில் இரண்டு கெடுவது அதிசயமேயல்ல. ஆகையால் கை பழகும் வரையில் இஸ்திரிப் பெட்டியே போதும். கடன் வாங்கி இயந்திரம் வாங்குவது கூடாது என்பது நம்முடைய அபிப்பிராயம்.

இந்த முறைக்கு ஏற்ற வேலை எது, ஏலாத வேலை எது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். ஒன்று இரண்டு பனியன், பல நிறம், ஒவ்வொன்றிலும் வேறு பெயர் என்றால் இதுவே எளிது. ஒரே படம் நூறு பனியனுக்கு வேண்டுமானால் ஸ்கிரீன் பிரின்டிங்தான் மலிவு; உறுதியும் அதிகம். பாலியெஸ்டர் துணிக்கு ஸப்ளிமேஷன் என்ற முறை உண்டு. அதில் மை சூட்டில் ஆவியாகி இழைக்குள்ளேயே புகுந்துவிடும். கையால் தடவினால் படம் இருப்பதே தெரியாது. ஆனால் அது பருத்தியில் பிடிக்காது, கருநிறத்திலும் எடுக்காது. டி.டி.எப். என்ற முறையில் வெள்ளை மையோடு பிலிமில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி உருக்கிப் பதிக்கிறார்கள். அது எல்லா நிறத்துக்கும் பொருந்தும். அதன் பிரின்டர் விலை அதிகம்; பராமரிப்பும் அதிகம். ஆனால் அச்சிட்ட பிலிமை வெளியே வாங்கி, வீட்டில் ஹீட் பிரஸ்ஸில் பதித்துக்கொள்ளலாம். இங்க்ஜெட்டில் கைபழகிய பின் பலர் போகும் அடுத்த படி இதுவே.

வெற்றுப் பனியனுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. திருப்பூர் இருக்கிறது. ஆனால் அந்த ஊரின் பெயரைச் சொல்லும்போது நொய்யல் ஆற்றையும் நினைக்க வேண்டும். சாயக் கழிவினால் ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட நேர்ந்தது. வீட்டில் படம் பதிப்பதில் அத்தகைய கழிவுநீர் இல்லை என்பது மெய். ஆயினும் கெட்டுப்போன ஒவ்வொரு பனியனுக்குப் பின்னாலும் பருத்தியும் தண்ணீரும் சாயமும் மனித உழைப்பும் இருக்கின்றன. வீணாக்காமல் செய்வதே தொழிலின் முதல் ஒழுக்கம். பழைய பனியனை வெட்டி அதில் பழகுங்கள்.

எதைப் பதிப்பது?

நடிகர் படமும், சினிமா விளம்பரமும், பெரிய கம்பெனிகளின் முத்திரையும் நன்றாக விலைபோகும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அவை பிறருடைய சொத்து. அனுமதியின்றி அச்சிட்டு விற்பது சட்டப்படி குற்றம். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் அவருடைய நூலுக்கு உரிமை உண்டு. 1921-இல் மறைந்த பாரதியாரின் வரிகளையோ, வள்ளுவரின் குறளையோ பதிப்பதற்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை. நம் குழந்தைகள் வரைந்த கோலத்துக்கும் யானைக்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது.

ஆகஸ்டு 15 நெருங்கும்போது மூவர்ணக் கொடியைப் பனியனில் பதித்துத் தரும்படி பலர் கேட்பார்கள். ஆசை நல்லதுதான், ஆனால் கூடாது. தேசிய கௌரவத்துக்கு இழைக்கும் அவமதிப்பைத் தடுக்க 1971-இல் இயற்றி 2005-இல் திருத்திய சட்டம், தேசியக் கொடியைக் கைக்குட்டை, தலையணை, உள்ளாடை, உடைத்துணி முதலியவற்றில் அச்சிடுவதை அவமதிப்பென்றே சொல்கிறது. இதில் அதிசயமில்லை. பனியன் வியர்வையில் நனையும். பிறகு தரை துடைக்கும் துணியாகும். கொடிக்கு அந்தக் கதி நேரலாமா? எந்தத் திருப்பூரிலிருந்து நமக்குப் பனியன் வருகிறதோ, அதே திருப்பூரின் வீதியில்தான் 1932 ஜனவரியில் குமரன் தடியடி பட்டுக் கீழே விழுந்தபோதும் கொடியைக் கைவிடாமல் பிடித்திருந்தார். கொடியின் இடம் அவர் காட்டிய கையில், மார்பில் அன்று.

கொடியை விட்டாலும் சொல்வதற்கு எத்தனையோ இருக்கின்றன. பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஒவ்வொரு குழந்தையின் பெயரும் நல்ல தமிழ் எழுத்தில் இருக்கட்டும். தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு அவருடைய இளமைப் புகைப்படம் பேரப்பிள்ளைகளின் பனியனில் வரட்டும். ஊர் ஏரியைத் தூர்வாரப் புறப்படும் வாலிபர்களின் பனியனில் அந்த ஏரியின் பெயர் இருக்கட்டும். பத்துக் காகிதம், இரண்டு பழைய பனியன், ஒரு ஞாயிற்றுக்கிழமை: ஆரம்பிக்க இவ்வளவு போதும். இலாபம் வருமா என்ற கேள்வியைத் துவைக்கும் கல் பதில் சொல்லும் வரையில் ஒத்திவைக்கலாம்.